ஆர்பக்கிள் கொலைகாரர் அல்ல
ஹாலிவுட் மௌனப்பட நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் ஒரு நடிகையைக் கொன்று ஜெயில் தண்டனை அனுபவித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறுங்க. 1921-ல் அந்த நடிகை வர்ஜீனியா ராப் இறந்தது உண்மை, ஆனால் வழக்கு மூன்று முறை நடந்தது, முதல் இரண்டிலும் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை, 1922 ஏப்ரலில் மூன்றாவது ஜூரி சில நிமிடங்களிலேயே திரும்பிவந்து குற்றமற்றவர் என்றது. விடுதலை மட்டும் போதாது, இவருக்குப் பெரிய அநீதி நடந்திருக்கிறது என்று எழுதியே கொடுத்தார்கள். எந்த ஜூரி அப்படிச் செய்யும்?

ஆனாலும் ஆறே நாளில் அமெரிக்கத் திரைப்படத் தயாரிப்பாளர் அமைப்பின் தலைவர் ஹேஸ், ஆர்பக்கிள் படங்களுக்குத் தடை போட்டார். டிசம்பரில் தடை விலகியும் பெயர் மீளவில்லை. நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனை முதன்முதலில் கேமரா முன் நிறுத்திய இயக்குநரும் இவர்தான்; அப்புறம் வில்லியம் குட்ரிச் என்ற பொய்ப்பெயரில் படம் எடுத்தார். 1933-ல் வார்னர் நிறுவனத்தில் மறுபடி நடிக்கத் தொடங்கியிருந்தபோது, 46 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.