அட்டை இருக்கிறது, டொக்டர் எங்கே?

ஜேர்மனியில் உக்ரேன் அகதிகளுக்கு மருத்துவத்தில் ராஜமரியாதை, எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் பேசிய குரல்பதிவு எனக்கும் வந்து சேர்ந்தது. "கேட்டுப் பார், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்" என்று சிலர் அனுப்பினார்கள். கைதட்டுகிற பொம்மைகளைப் போட்டு அனுப்பியவர்களும் உண்டு. பேசியது யார், முதலில் எந்தக் குழுவில் வந்தது என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நானும் பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தரப்போவதில்லை. "உக்ரேன்காரிக்குப் புதுப்பல்லு, எங்களுக்குப் பனடோல்." இந்த ஒரு வரி போதும்.

இதையே ஒரு ஜேர்மன்காரர் சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். அது பழகிவிட்டது. சொன்னவர் நான் அண்ணா என்று கூப்பிடுகிற ஆள். இலங்கையிலிருந்து அகதியாக வந்து, இங்கேயே வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, இப்போது அடுத்த அகதியின் வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: ஜேர்மனியில் ஒரு குடும்ப வைத்தியரின் கிளினிக்கில், முன்கவுண்டரில் இருக்கிறேன். டெலிபோன் எடுப்பது, டெர்மின் (டொக்டரைப் பார்க்க நேரம்) கொடுப்பது, இரத்தம் எடுப்பது, திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. ஆகவே அண்ணா காரில் போகும்போது கேட்டதை நான் கவுண்டரில் நின்று பார்க்கிறேன் என்று கொஞ்சம் உரிமையோடு சொல்லலாம்.

2022 பெப்ரவரி 24இல் ரஷ்யா உள்ளே வந்தது. மார்ச் 4ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு என்ற ஏற்பாட்டைச் செயலுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் 2001இலேயே, பால்கன் போர்களுக்குப் பிறகு எழுதப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் யாருக்காகவும் அதைத் திறக்கவில்லை. ஜேர்மனியில் முதல் சில மாதங்கள் உக்ரேன் சனமும் எங்களைப் போலத்தான் சோசலாம்ட் (சமூக உதவிக் கந்தோர்) சீட்டோடு அலைந்தார்கள். 2022 ஜூன் 1 முதல் அவர்களை யொப்சென்டருக்கு, அதாவது வேலையில்லாதவர்களுக்கு உதவிப் பணம் கொடுக்கிற கந்தோருக்கு, மாற்றினார்கள். அதோடு இந்த நாட்டவரைப் போலவே மருத்துவக் காப்புறுதி அட்டையும் கிடைத்தது. அண்ணாவின் நெஞ்செரிச்சல் முழுக்க இந்த அட்டையின் மேல்தான்.

சரி, அட்டை கிடைத்தது. டொக்டர் கிடைத்தாரா?

அட்டை என்பது டொக்டர் இல்லை. எங்கள் நகரத்தில் பாதிக் கிளினிக்குகள் புது நோயாளிகளை எடுப்பதில்லை. நாங்களும் இடைக்கிடை நிறுத்துகிறோம். கதவில் தாள் ஒட்டியிருக்கிறது, நான்தான் ஒட்டினேன். ஜேர்மன் தெரிந்தவன் அதை வாசித்துவிட்டு, இன்னும் நாலு இடத்துக்கு டெலிபோன் அடிப்பான், கெஞ்சுவான், தெரிந்தவரைப் பிடிப்பான். மொழி தெரியாதவர் தாளைப் படம் எடுத்து, போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். எடுக்கிற இடத்திலும் "மொழிபெயர்ப்பாளரோடு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு யார் காசு கொடுப்பது? காப்புறுதி கொடுக்காது. 2021இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி அதைக் காப்புறுதிக்குள் கொண்டுவருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியது. 2024 நவம்பரில் கூட்டணியே உடைந்தது. வாக்குறுதியைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

ஆக, மொழிபெயர்ப்பாளர் யார்? வீட்டில் ஜேர்மன் தெரிந்த ஒரே ஆள். அதாவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

ஒரு பாட்டி வந்தார். ஹார்கீவ் பக்கம். (ஆள் தெரியக்கூடாது என்று சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கூட வந்தது பேத்தி, பதினொரு வயது இருக்கும். பாட்டி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பழுப்பு நிறப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். கொர்வலோல். உக்ரேனில் வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிற சொட்டு மருந்து. நெஞ்சு படபடத்தால், தூக்கம் வராவிட்டால், கவலை வந்தால் கொஞ்சம் தண்ணீரில் விட்டுக் குடிப்பார்கள். போத்தலைத் திறந்தால் புதினா மணம் கவுண்டர் வரை வரும். அதில் ஃபீனோபார்பிட்டல் என்ற தூக்க மருந்து இருக்கிறது. இங்கே அப்படிப்பட்ட மருந்தைக் கடையில் கேட்டு வாங்க முடியாது. போத்தல் தீர்ந்துவிட்டது, இதேபோல் இன்னொன்று வேண்டும் என்கிறார் பாட்டி. முடியாது என்கிறார் டொக்டர். ஏன் முடியாது என்பதை அந்தப் பிள்ளை பாட்டிக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

அது பரவாயில்லை. அப்புறம் டொக்டர் கேட்டார், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் போகிறதா, எவ்வளவு காலமாக, எவ்வளவு. அந்தப் பிள்ளை டொக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது.

இதுதான் அண்ணா நீங்கள் சொன்ன ராஜமரியாதை.

அந்தப் பார்வை எனக்குப் புதிது இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருந்த அகதி ஹைமில் (விடுதியில்) ஜேர்மன் கதைக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான். நான் அம்மாவுக்கு மட்டுமில்லை, பக்கத்து அறை மாமிக்கும் டொக்டரிடம் போனேன். பெரியவர்கள் காதில் விழக்கூடாது என்று சொல்லுகிற கதைகளை எல்லாம் நான் இரண்டு பாஷையிலும் சொன்னேன். கொஞ்ச நாளில் அம்மா எனக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, நோயையே சொல்லாமல் விட்டுவிட்டார். "ஒன்றுமில்லை, களைப்பு" என்பார். அது களைப்பு இல்லை என்பது வருடங்கள் கழித்து, ஒரு தமிழ் டொக்டர் கிடைத்த பிறகுதான் தெரிந்தது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகப் போயிற்று.

பல்லுக் கதையும் சொல்கிறேன், அண்ணாவுக்குப் பல் என்றால் பிடிக்கும். 1993 நவம்பர் 1இல் அகதிகளுக்கான உதவிச் சட்டம் அமுலுக்கு வந்தது. கடும் நோய்க்கும் வலிக்கும் மட்டும் சிகிச்சை, செயற்கைப் பல் தள்ளிப்போட முடியாத நிலையில் மட்டும். அம்மாவின் கடைவாய்ப் பல்லுக்கு நிரப்புவதற்குச் சீட்டு இல்லை, பிடுங்குவதற்கு உண்டு என்றார்கள் அந்தக் கந்தோரில். அதையும் நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சிரித்தபடி, "பிடுங்கச் சொல்லு" என்றார். இன்றைக்கும் ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுகிறார்.

"அதைத்தானே நானும் சொல்கிறேன், எங்களுக்குத் தராததை அவர்களுக்கு ஏன் தந்தான்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 2015இல் சிரியாக்காரர் வந்தபோது அந்த 2001ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏன் திறக்கவில்லை? அதே உக்ரேனிலிருந்து, அதே குண்டுக்குத் தப்பி, அதே எல்லையில் நின்ற நைஜீரிய மாணவனையும் இந்திய மாணவனையும் ஏன் வேறு வரிசையில் விட்டார்கள்? தோலின் நிறம் இதில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். ஆனால் கோபம் போக வேண்டிய இடம் 1993 சட்டம். பாட்டியின் கைப்பை இல்லை. இந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமே 2012இல் அந்தச் சட்டம் கொடுத்த பணத்தைப் பார்த்து, இது போதாது, மனித கண்ணியத்தைக் குடியேற்றக் கொள்கைக்காகக் குறைக்க முடியாது என்று தீர்ப்பு எழுதியது. அதற்குப் பிறகும் 2024 பெப்ரவரியில் அந்தக் குறைந்த மருத்துவக் காலத்தை 18 மாதத்திலிருந்து 36 மாதமாகக் கூட்டினார்கள். அப்போது குரல்பதிவு ஏதும் எனக்கு வரவில்லை. தேடியும் பார்த்தேன்.

"பெரிய பெரிய காரில் வருகிறார்கள்." 83 கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் கார் வைத்திருந்தவர்களும்தான் அகதியாகக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். அடுத்தது.

"அவர்களால்தான் எங்களுக்கு டெர்மின் கிடைப்பதில்லை." நான் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டெர்மின் இல்லை. அப்போது உக்ரேன் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. குடும்ப வைத்தியர்கள் வயதாகி மூடிக்கொண்டு போகிறார்கள், கிராமங்களில் அடுத்தவர் வருவதில்லை. அந்த உக்ரேன் சனத்துக்குள்ளேயே டொக்டர்கள் இருக்கிறார்கள், தங்கள் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்ளும் வரை பேப்பர்களோடு காத்திருக்கிறார்கள்.

"போர் நடக்கிறது என்கிறார்கள், ஆனால் பல்லுக் கட்ட ஊருக்குப் போய் வருகிறார்களே, அப்போ பயமில்லைதானே?" இதைச் சொல்கிறவர்கள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஆம், போகிறார்கள். போலந்து வழியாக பஸ்ஸில் லிவிவுக்குப் போய், பல்லைக் கட்டிக்கொண்டு, பெண்கள் வைத்தியரையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஏனென்றால் அங்கே லாபுக்கு நேரே போய் இரத்தம் கொடுக்கலாம். காசைக் கட்டி ஒரு நிபுணரைச் சீக்கிரம் பார்க்கலாம், சொந்த மொழியில் சொல்லலாம். இங்கே தோல் வைத்தியருக்கு மாதக்கணக்கு. சைரன் ஊதுகிற நாட்டுக்கு ஒருத்தி பல்லுக்காகப் போகிறாள் என்றால், அவளுக்கு இங்கே எவ்வளவு தாராளமாக மருத்துவம் கிடைக்கிறது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நாங்களும் 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி திறந்ததும் பறந்துகொண்டு போகவில்லையா? அது சமாதான காலம் என்பீர்கள். சரி, அது சமாதான காலம்.

இன்னொன்று. இந்தப் பல்லுக் கதையை அண்ணா எங்கே பொறுக்கினார் என்று எனக்குத் தெரியும். 2023 செப்டெம்பரில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஃபிரீட்ரிக் மெர்ட்ஸ் தொலைக்காட்சியில் சொன்னது. டொக்டரிடம் உட்கார்ந்து பல்லைப் புதிதாகக் கட்டுகிறார்கள், பக்கத்தில் ஜேர்மன் குடிமக்களுக்கு டெர்மின் இல்லை என்று. பல்வைத்தியர் சங்கமே அப்படி இல்லை என்று மறுத்தது. ஆனால் அவர் அதை உக்ரேன்காரரைப் பற்றிச் சொல்லவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட அகதிகளைப் பற்றிச் சொன்னார். கேஸ் ரிஜெக்ட் ஆகி, வருடக்கணக்காக டுல்டுங் பேப்பரோடு (நாடு கடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிற தாள்) இருந்த ஆட்களை உங்களுக்கு நினைவிருக்கிறதா அண்ணா? உங்கள் சொந்த மச்சானே அப்படித்தானே இருந்தார்? எங்களை அடிக்கச் செய்த தடியை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, அடுத்தவனை அடிக்கிறீர்கள். உக்ரேன்காரருக்கென்று அதே மெர்ட்ஸ் 2022இலேயே தனியாக ஒன்று சொன்னார், உதவிப் பணத்துக்காகச் சுற்றுலா வருகிறார்கள் என்று. பிறகு மன்னிப்பும் கேட்டார். இப்போது சான்சலர்.

எனக்கு உண்மையில் நோவது எது தெரியுமா? ஆஸ்பத்திரிக்குக் குண்டு போட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. 2009இல் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேல் ஷெல் விழுந்தபோது இந்த ஊர்ச் சந்தியில் பதாகை பிடித்து நின்றோம். அண்ணாவும் நின்றார். குளிரில் அவருடைய பிள்ளைகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். 2022 மார்ச் 9இல் மரியுபோலில் பிரசவ ஆஸ்பத்திரியில் விழுந்தது. 2024 ஜூலை 8இல் கீவில் ஒக்மத்தித் சிறுவர் ஆஸ்பத்திரியில், சிகிச்சையில் இருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். புற்றுநோய்ப் பிள்ளைகளும் காயப்பட்டவர்களுமாக 4000க்கும் மேற்பட்டவர்களை ஐரோப்பிய நாடுகள் தங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்திருக்கின்றன. போலந்தின் ஷெஷூஃபில் அதற்கென்றே ஒரு இடைத்தங்கல் நிலையம் நடத்துகிறார்கள். எங்களை எடுக்க ஒரு விமானமும் வரவில்லை, உண்மை. அந்த ஆத்திரம் எனக்கும் இருக்கிறது, எழுதும்போது கை நடுங்குகிறது. அதற்காக அந்த விமானத்தில் ஏறிய பிள்ளையை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

"நீ எங்கள் ஆட்களுக்கு என்ன செய்தாய்?" என்றும் ஒரு கருத்து வரும், தெரியும். போன குளிர்காலம் அண்ணாவின் மாமியாருக்கு இருதய வைத்தியரிடம் அவசர டெர்மின் எடுத்துக் கொடுத்தது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்போது எங்கள் காத்திருப்பு அறையில் உக்ரேன்காரரும் இருந்தார்கள். ஒருவரும் குரல்பதிவு போடவில்லை.

அண்ணா கேட்ட சமத்துவம் வந்துகொண்டுதான் இருக்கிறது, கவலை வேண்டாம். 2025 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த உக்ரேன்காரரை மறுபடி அகதி உதவிச் சட்டத்துக்குள் தள்ளுவது என்று புதுக் கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். போலந்தில் 2025 செப்டெம்பரில், காப்புறுதி கட்டாத பெரியவர்களுக்குப் பல் சிகிச்சையையும் கண்புரை சத்திரசிகிச்சையையும் நிறுத்தச் சட்டம் வந்தது. செக்கில் அதற்கு முன்பே, வேலை செய்யும் வயதினருக்கு அரசின் காப்புறுதியை 150 நாளோடு நிறுத்தினார்கள். இதனால் என் அம்மாவின் கடைவாய்ப் பல் திரும்பி முளைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது, சண்டைக்கு வருகிறவர்கள் இதையும் வாசித்துவிட்டு வாருங்கள். எங்கள் ஆட்களில் சோவியத் காலத்திலும் பிறகும் மாஸ்கோ, கீவ் பக்கம் போய்ப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ரஷ்ய மொழி மறக்காமல் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். கிழக்குப் பகுதியிலிருந்து வந்த வயதானவர்கள் பலருக்கு அது விளங்கும். இப்போது அந்த மொழியைக் கேட்கவே விருப்பமில்லாதவர்களும் உண்டு, முதலில் கேட்டுக்கொண்டு கதைக்கலாம். போனில் பத்து நிமிடம் நின்றாலே பெரிய உதவி. காசு தர முடியாது, டொக்டரிடம் கேட்டுவிட்டேன். செவ்வாய், வியாழன் காலையில்தான் கூட்டம் அதிகம்.