விசில் ஊத ஆளில்லாத காலை

"இவர் பட்டாளத்துல இருந்தவர், ஒழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம்" என்று சபையில் யாராவது என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், பக்கத்தில் இருக்கும் என் மனைவி குனிந்து பைபிளில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவாள். அவளுக்குத்தானே தெரியும்.

17 வருஷம் சீருடை போட்டேன். விடியுமுன் எழுந்து, ஷேவ் செய்து, பூட்ஸ் துடைத்து, போர்வை மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டில் பக்கத்தில் நின்ற ஆள் நான். வெளியே வந்த முதல் மூன்று மாதம் உடம்பு பழக்கத்தில் தானாக எழுந்தது, அப்புறம் ஆறு மணி ஆனது, ஏழு ஆனது, ராத்திரி ஒரு மணி வரை கையில் போன், எட்டரைக்கு முகம் வீங்கி எழுந்திருக்கிறேன். விசில் ஊத ஆள் இல்லை, அவ்வளவுதான். அத்தனை வருஷம் சுயக்கட்டுப்பாடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது விசிலுக்குக் கீழ்ப்படிதல். இரண்டும் வேறு வேறு என்று எனக்கு 40 வயதுக்கு மேல்தான் உறைத்தது.

கோபத்தின் கதை இதைவிட மோசம். மேலதிகாரி முகத்துக்கு நேரே திட்டினாலும் என் முகத்தில் ஒரு தசை அசையாது. எவ்வளவு அடக்கம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது உண்டு. ஆனால் அதே நாள் சாயங்காலம் எனக்குக் கீழே இருக்கிற பையன் ஒருவன் சின்னதாக ஏதாவது தப்பு செய்தால் அவன் தொலைந்தான். அதாவது நான் கோபத்தை அடக்கக் கற்கவில்லை, மேலே போகவிடாமல் கீழே திருப்பிவிடக் கற்றிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு மேலே யாருமில்லை, எல்லாரும் கீழே. ஒருநாள் என் மகன் ஏதோ ஒன்றைப் போட்டு உடைத்துவிட்டான், நான் கத்தக் கத்த அவன் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நேராக நின்றான், கண் சுவரில். அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் குரல் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் பைபிளில் வரும் தாவீதின் கதையைத் திரும்ப உட்கார்ந்து வாசித்தேன். தன்னைக் கொல்லத் தேடிக்கொண்டிருந்த ராஜா சவுல் குகையில் தனியாகக் கையில் கிடைக்கிறான், தாவீது சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிடுகிறான். பெரிய அடக்கம். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே நாபால் என்கிற ஆட்டுக்காரப் பணக்காரன் நாலு வார்த்தை கேவலமாகப் பேசிவிட்டான் என்று 400 பேரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டு ஆண்களை ஒருவர் விடாமல் வெட்டக் கிளம்புகிறான். ராஜாவிடம் அடங்கிய கை ஒரு ஆட்டுக்காரனிடம் அடங்கவில்லை! நாபாலின் மனைவி அபிகாயில் வழியில் வந்து காலில் விழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு அது கண்ணாடி பார்த்த மாதிரி இருந்தது.

பத்சேபாள் விஷயமும் அப்படித்தான். இப்போது தாவீதுதான் ராஜா. படை ரப்பா என்ற எதிரி நகரத்தை முற்றுகை போட்டிருக்கிறது, தாவீது எருசலேமிலேயே இருந்துவிட்டான், சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாத்துகிறான், குளித்துக்கொண்டிருந்த அடுத்தவன் மனைவி பத்சேபாளைப் பார்த்து வரவழைத்து அவளோடு சேர்கிறான். போர்க்களத்தில் விழாதவன் டூட்டி இல்லாத நாளில் விழுந்தான். அந்தப் பெண்ணின் புருஷன் உரியாவோ, தன் தப்பை மறைக்க ராஜா தாவீதே வீட்டுக்குப் போ என்று சொல்லியும், குடிக்கவைத்து வெறிக்கப்பண்ணியும்கூட, தோழர்கள் வெளியே பாளயத்தில் கிடக்கும்போது நான் வீட்டுக்குப் போவேனோ என்று அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொண்டான். யாரும் பார்க்காத இடத்திலும் அப்படி நடந்துகொண்டவன் அந்தக் கதையில் அவன் ஒருவன்தான். பட்டாளத்துக்காரன் என்று சொல்லிக்கொள்ள நான் வெட்கப்பட்ட இடம் அது.

இச்சையடக்கத்தை அப்போஸ்தலன் பவுல் ஆவியின் கனி, அதாவது பரிசுத்த ஆவி நமக்குள் விளைவிக்கிற குணங்களில் ஒன்று என்று எழுதுகிறார், அந்த வரிசையில் அதுதான் கடைசி. கனி என்ற வார்த்தை என்னைப் போன்ற ஆட்களுக்குப் பிடிக்காது. டிரில் என்றால் புரியும், கனி என்றால் சும்மா உட்கார்ந்து காத்திருக்கிற மாதிரி தோன்றும். ஆனால் அதே பவுல்தான், "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்றும் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன் என்றும் எழுதுகிறார். கிருபையும் வேணும், கை கால் அசையவும் வேணும். இதை ஏதோ ஒரு பக்கம் மட்டும் பேசுகிற பிரசங்கங்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பட்டாளம் எனக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்லவில்லை. உபயோகமானது இரண்டு உண்டு. ஒன்று, விரல். சுடுவது என்று முடிவெடுக்கும்வரை விரல் டிரிக்கருக்கு வெளியே, நீட்டியபடி இருக்க வேண்டும். ஏனென்றால் திடுக்கிட்டால் கை தானாக மூடிக்கொள்ளும், அந்த நேரத்தில் மனஉறுதி எல்லாம் வேலை செய்யாது. என் நாக்குக்கும் அதே விதிதான் என்று வைத்துக்கொண்டேன். எதிரே இருப்பது யார், என்ன நடந்தது என்று தெரியும்வரை வாய் திறக்கக் கூடாது.

இன்னொன்று சென்ட்ரி, அதாவது காவல் நிற்பது. எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் ராத்திரி முழுக்க ஒருவனையே காவலுக்கு நிறுத்தமாட்டார்கள், ஆள் மாற்றுவார்கள். மனுஷன் களைத்துப்போவான் என்று பட்டாளத்துக்குத் தெரிந்திருக்கிறது, சபைக்குத்தான் தெரியவில்லை (கோபப்படாதீர்கள் போதகர்மாரே). குடியோடோ ஆபாசத்தோடோ கோபத்தோடோ போராடுகிறவனிடம் "நல்லா ஜெபம் பண்ணுங்க பிரதர்" என்று சொல்லித் தனியாக விட்டுவிட்டு நாம் தூங்கப் போய்விடுகிறோம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே சீஷர்களில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்களும் தூங்கித்தான் போனார்கள், அது வேறு விஷயம். இப்போது ராத்திரி பத்து மணிக்கு என் போன் மனைவியிடம் போய்விடும். நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரும் முன்னாள் படைவீரர்தான், வாரம் ஒருமுறை இரண்டு பேரும் ஒளிக்காமல் பேசிக்கொள்கிறோம். வெட்கமாகத்தான் இருக்கும்.

முகத்தை மரமாக வைத்துக்கொள்வதுதான் அடக்கம் என்று நினைத்திருந்த காலத்தில் என் அப்பா இறந்ததற்கு நான் அழவில்லை. அந்தத் துக்கம் இரண்டு வருஷம் கழித்து எரிச்சலாக வீட்டில் வெளியே வந்தது. இறந்துபோன தன் நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். தன்னைப் பிடிக்க வந்தபோது 12 லேகியோனுக்கு அதிகமான தேவதூதரைக் கூப்பிட முடிந்தும் கூப்பிடாதவரும் அவர்தான். ஒரு லேகியோன் என்றால் ரோமப் படைக் கணக்கில் ஏறக்குறைய 5,000 பேர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கு அந்த விரல் விதியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போன வாரம் நான் குரலை உயர்த்த ஆரம்பித்ததும் அவன் ஒன்றும் பேசாமல் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிதான். மீதியைக் கத்தித்தான் தீர்த்தேன், ராத்திரி அவன் தூங்குவதற்குள் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா, போன தடவைக்கு இது கம்மி" என்றான்.