கருத்துக் கேட்டாச்சாம்!

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸ் கவுன்சிலில், அதாவது அதிகாரிகளும் ஊழியர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில், நடந்தது உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் இந்நேரம் பத்து முறை வந்திருக்கும். கூட்டம் நடந்தது 11ஆம் தேதி. கவுண்டர் நேரத்தை மாற்றிய ஆர்டரில் கையெழுத்து 9ஆம் தேதி. மினிட்ஸில் மட்டும் ஜம்மென்று ஒரு வரி: ‘ஊழியர் தரப்பின் கருத்துகள் கேட்டறியப்பட்டன.’

காது கேட்டிருக்கும். அதை நான் மறுக்கவே இல்லை.

முடிவெடுத்துவிட்டு வந்து சொன்னால் அது தகவல். எடுக்கும் முன்னால் கேட்டால்தான் ஆலோசனை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகு ‘பெண்ணைப் பிடிச்சிருக்கா’ என்று கேட்பவரை என்ன சொல்வோம்?

இந்தக் கவுன்சில்களை உள்ளடக்கிய ஜேசிஎம், அதாவது மத்திய அரசும் அதன் ஊழியர்களும் கலந்து பேசும் கூட்டு ஆலோசனை அமைப்பு, யாரோ போட்ட பிச்சை இல்லை. இங்கிலாந்தில் விட்லி கமிட்டி 1917இல் சொன்ன இந்த யோசனை, 1919லேயே அங்குள்ள அரசு ஊழியர்களுக்குக் கிடைத்துவிட்டது. நமக்கு இரண்டாவது சம்பளக் கமிஷன் சொல்லி, 1960 ஜூலையில் ஸ்ட்ரைக் நடந்து, ஜெயிலுக்குப் போனவர்கள் போய், 1966 அக்டோபரில்தான் வந்தது. ‘இனிப் பேசியே தீர்ப்போம், போராட்டம் வேண்டாம்’ என்று சங்கங்களும் நம்பிக் கையெழுத்துப் போட்டன. பேச்சு முறிந்தால் சம்பளம், வேலை நேரம், லீவு இந்த மூன்றுக்கும் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்ப்புக்குப் போகலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இரண்டே வருஷம். தேவைக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் கேட்டார்கள், பேச்சு முறிந்தது, ஆர்பிட்ரேஷனும் கிடையாது என்றது அரசு. 1968 செப்டம்பர் 19, ஒரே ஒரு நாள் அடையாள ஸ்ட்ரைக். அதைத் தடுக்க ஓர் அவசரச் சட்டம் வேறு.

அந்த ஒரு நாளுக்காக என் அப்பாவுக்கு பிரேக் இன் சர்வீஸ் போட்டார்கள், அதாவது சர்வீஸ் அன்றோடு அறுந்ததாகக் கணக்கு. அந்தக் கடிதம் ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் வெகுகாலம் கிடந்தது. அந்த வருஷத் தீபாவளிக்கு அக்காவுக்கு மட்டும்தான் புதுத்துணி என்று அம்மா சொல்வாள். அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. எங்கள் ஆபீஸ் கவுன்சிலுக்கு நான் தேர்வானதைச் சொன்னபோது மட்டும், “அஜெண்டாவை முதல்லயே எழுத்துல வாங்கிடு” என்றார்.

எழுத்தில்தான் வாங்கினேன் அப்பா. ஆர்டரும் எழுத்தில்தான் இருந்தது.

‘மேலே போய்ப் பேசுங்களேன்’ என்பார்கள். மேலே என்ன வாழ்கிறதாம்? நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது ஜேசிஎம்மின் உச்சியில் இருக்கும் தேசியக் கவுன்சில் கூட வேண்டும் என்பது விதி. 2021 ஜூனில் நடந்தது 48ஆவது கூட்டம். 55 வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 160ஐத் தாண்டியிருக்க வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து 18 மாத டிஏ (அகவிலைப்படி) உயர்வை நிறுத்தினார்களே, யாரைக் கேட்டு நிறுத்தினார்கள்? அரியர்ஸ் தர மாட்டோம் என்றும் அவர்களே சொன்னார்கள்.

‘உங்களுக்கு என்ன குறை, மாசம் பொறந்தா சம்பளம், பொதுஜனம்தான் கியூவில் சாகுது’ என்று ஒரு நண்பர் கமெண்ட் போடுவார். போடுங்கள் சார். அந்த கியூவின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பது நாங்கள்தான். மூன்று பேர் பார்த்த கவுண்டரை ஒருத்தி பார்க்கிறாள். நேரத்தை மாற்றும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மத்தியானம் இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிடும் என்று சொல்லியிருப்பாள். கேட்டால்தானே?

சங்கத் தலைவர்களில் தன் டிரான்ஸ்ஃபரை மட்டும் பார்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சரி, இருக்கிறார்கள். அதற்காக 9ஆம் தேதி 11ஆம் தேதிக்குப் பின்னால் வந்துவிடுமா?

கூட்டத்தில் டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் என்பார்கள். சமோசா ஆறியிருந்தது. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு தடவையாவது ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ என்று யாராவது கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்க மாட்டார்களா என்றிருக்கிறது.

மினிட்ஸ் இப்போது என் மேஜையில் கிடக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் தேதியையும் அவர்களே டைப் அடித்துவிட்டார்கள்.