அவளுடைய நாடு

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்து "இனி நீங்கள் உலகக் குடிமக்கள்" என்று யாராவது சொன்னால், எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. பல்கலைக்கழகங்களின் விளம்பரக் கையேடுகளிலும் இதே பேச்சுதான். விமானம் ஏறி இறங்கிவிட்டால் உலகம் தானாக நமக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளுமா என்ன?

போன புதிதில் நான் உலகத்தவள் ஆகவில்லை. முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு என் நாட்டுக்காரி ஆனேன். அதுவரை நான் யோசித்தே பார்த்திராத விஷயங்களுக்கெல்லாம் வகுப்பில் நாட்டின் சார்பாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்து, ஒரு படிவத்தில் 'ஆசியர்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஆசியர் என்று என்னை நான் அதற்கு முன் ஒருநாளும் நினைத்ததில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1925இல் லண்டனில் மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கம் தொடங்கப்பட்டது. நைஜீரியா, கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா), சியரா லியோன், காம்பியா என வெவ்வேறு காலனிகளிலிருந்து படிக்க வந்தவர்கள் அதில் ஒன்றுசேர்ந்தார்கள். பின்னாளில் கவிஞர்களாகப் பெயர்பெற்ற செனகலின் செங்கோரும் கரீபியத் தீவான மார்ட்டினிக்கின் செசேரும் மாணவர்களாகச் சந்தித்துக்கொண்டது பாரிஸில். கறுப்பின மக்களின் பண்பாட்டுப் பெருமையைப் பேசிய நெக்ரிட்யூட் இயக்கம் அந்த நட்பிலிருந்தும் வளர்ந்தது. அந்நிய மண்ணில் ஒரே மாதிரி நடத்தப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

எனக்கு உலகம் வந்து சேர்ந்தது ஒரு விடுதி நடைவழியில். 2023 ஏப்ரல் 15. சூடான் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்ட நாள். அடுத்த அறைத் தோழியின் வீடு அங்கேதான். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அம்மாவின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். கைப்பேசியில் சார்ஜ் தீரும் நிலை வந்ததும் என் சார்ஜரை எடுத்து வந்து கொடுத்தேன். அதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. விடியும்வரை பக்கத்தில் இருந்தேன். அதுவரை சூடான் எனக்கு வரைபடத்தில் ஒரு நிறம்.

அதனால்தான் வெளிநாட்டு மாணவர்களைத் தனி விடுதியில் குவித்துவைக்கும் பல்கலைக்கழகங்கள்மீது எனக்குக் கோபம். பக்கத்து அறைகளில் கலந்து வாழவிடாமல், ஆண்டுக்கொரு முறை கொடிகளைக் கட்டி விழா நடத்தி என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் 1987இல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு தொடங்கியது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதில் போகிற ஒன்றிய நாடுகளின் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. எங்களைப் போன்றவர்களுக்கோ விசாவில் ஒரு கடைசித் தேதி உண்டு. தேர்வுத் தேதி மறந்தாலும் அது மறக்காது. படிப்பு முடிந்த மறுநாளே கிளம்பச் சொல்லுமோ என்ற பயத்தோடு இருப்பவரிடம் உலகக் குடியுரிமை பற்றிப் பேசுவது நியாயமாக எனக்குப் படவில்லை. எல்லைகள் எவ்வளவு கெட்டியானவை என்பதை அந்த மாணவரைவிட நன்றாக யார் அறிவார்? அதை அறிந்த பிறகும் வேறொரு நாட்டுக்காரருக்காகப் பதறுகிற மனம் ஒருவருக்கு வாய்த்திருந்தால், அவரை உலகத்தவர் என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

கார்ட்டூம் என்ற பெயர் நேற்றும் செய்தியில் வந்தது. முழுதாகப் படிப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "அம்மாவிடம் பேசினாயா?"