வயது மட்டும் காரணம் இல்லை

"பெரியவர்களுக்கு நெட் பயன்படுத்த வராததற்கு வயசுதான் காரணம், இந்தத் தலைமுறை போனால் பிரச்சினை தானாகத் தீரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள், அதில் கேட்டது முதியவர்களை அல்ல, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களை. ஒருமுறையாவது இணையம் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33 சதவீதம்தான், கிராமத்துப் பெண்கள் என்றால் கால்வாசி. நாளைய பாட்டிமார்கள் இவர்கள்தானே, பிரச்சினை எப்படித் தானாகத் தீரும்?

ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பென்ஷன் தொடர வருஷாவருஷம் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டை (உயிரோடு இருப்பதற்கான சான்றை) வீட்டிலிருந்தபடி போனில் முகம் காட்டியே கொடுத்துவிடலாம், 2021லிருந்து அந்த வசதி இருக்கிறது. அவர் வேலையில் இருந்தபோதே கம்ப்யூட்டர் பழகியவர், சந்தேகம் வந்தால் கேட்க ஐடி வேலையில் இருக்கும் மகனும் இருப்பான். அதே எழுபது வயதில், மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்கும் விவசாயக் கூலிப் பாட்டிக்கு ஸ்மார்ட்போன் வாங்குவதே ஆறேழு மாத உதவித்தொகை. பணம் வாங்க மெஷினில் விரல் ரேகை வைக்கலாம் என்றால், காலமெல்லாம் களை பறித்துத் தேய்ந்த விரலை அது பல நேரம் ஏற்காது. டேட்டா மலிவுதான், சரி, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, போனுக்கு வரும் ரகசிய எண்ணான ஓடிபியை யார் வாசித்துக் காட்டுவது?