ஒற்றை ஆள் ரெய்டாம், காத்திருக்க வேண்டுமாம்!

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில், பத்துப் பேர் கூட்டாகப் போய் அடிக்கிற ரெய்டு ஒன்றுக்காக, ஒன்பது பேர் கராசான் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருக்கிறோம். பத்தாவது ஆளான, அடிபட்டவர்களுக்கு உயிரூட்டும் ஹீலரிடமிருந்து பதில் வருகிறது: "அண்ணே, நான் ரெய்டுல இருக்கேன், முடிச்சுட்டு வந்துர்றேன்." எந்த ரெய்டு என்று கேட்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அந்த இரவு அவன் இருந்திருக்க வேண்டிய ஒரே ரெய்டின் வாசலில்தான் நாங்கள் நின்றோம். எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்றான். அதில் ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம் என்பதால், போனது போகட்டும், இன்னும் நான்கு பேருக்காவது வாக்குக் கொடுத்திருப்பான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் மட்டும்தாண்ணே."

ஒரே ஓர் ஆள் போயிருக்கும் ரெய்டு முடியும்வரை, ஒன்பது பேர் கூடி நிற்கும் ரெய்டு காத்திருக்க வேண்டுமாம். பாதியில் விட்டுவிட்டு வா என்றால், "இப்ப வெளிய வந்தா கொண்டுபோன சாமான் பூராம் போயிரும்ணே" என்கிறான். அது உண்மைதான். அந்த விளையாட்டில் வெளியேறும் இடத்தை உயிரோடு எட்டிப் பிடிக்காவிட்டால் துப்பாக்கி, கவசம், பை என்று எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஆக, அவனுடைய துப்பாக்கிக்கு இருக்கிற மரியாதை எங்கள் ஒன்பது பேரின் சனிக்கிழமை இரவுக்கு இல்லை.

பத்துப் பேரை ஒரே நேரத்தில் உட்காரவைப்பது எப்படிப்பட்ட வேலை என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மதுரைக் கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிற அண்ணன், கடையை அடைத்து, கல்லாவை முதலாளியிடம் ஒப்படைத்து, வில்லாபுரத்துக்கு வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, சோற்றுத் தட்டைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஹெட்செட்டை மாட்டுகிறார். மைக்கை அணைக்க மறந்துவிடுவார் என்பதால் அவர் அப்பளம் நொறுக்குகிற சத்தம் ஒன்பது வீடுகளிலும் கேட்கும். லேப் டெக்னீஷியனாக இருக்கும் தங்கச்சி, இந்த ஓர் இரவுக்காகப் பணிநேரத்தை யாரிடமோ கெஞ்சி மாற்றி வாங்கியிருக்கிறது. உசிலம்பட்டித் தம்பி மாமியார் வீட்டு விசேஷத்திலிருந்து தலைவலி என்று சொல்லிப் புறப்பட்டு வந்திருக்கிறான். மேலூர்க்காரர்தான் எங்களுடைய மெயின் டேங்க், அதாவது முன்னால் நின்று எதிரியின் அடியை வாங்குகிறவர். அவர் ஊரில் மின்சாரமும் இணையமும் ஒருசேர இருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் ஒன்பதரை மணி என்று நேரமே குறித்தோம். இத்தனை பேரையும் செவ்வாய்க்கிழமையிலிருந்து வாட்ஸ்அப்பில் துரத்தித் துரத்தி ஒப்புக்கொள்ளவைத்தால், திருநகரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லூரி மாணவன் தனியாக ரெய்டு போயிருக்கிறானாம்.

சரி, அவனை விட்டுவிட்டுப் போகலாமே என்று யாரும் எனக்கு அறிவுரை சொல்ல வேண்டாம், அதையும்தான் யோசித்தோம். இருக்கிற ஒற்றை ஹீலரை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் இரண்டாவது பாஸான, அதாவது இரண்டாவது பெரிய எதிரியான மோரோஸிடமே எங்கள் கதை முடிந்துவிடும். வழியில் போகிற முன்பின் தெரியாத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், முதல் பாஸ் விழுந்த நொடியிலேயே எல்லாருடைய பெயரும் அந்த வாரக் கணக்கில் பதிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியாது. இடையில் எங்கள் தம்பி திரும்பி வந்தாலும் இருக்கிற பத்து இடமும் நிரம்பியிருக்கும். அப்புறம், "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களேண்ணே" என்று அழுகிற முகம் ஒன்றைக் குழுவில் போட்டுவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பான். அவன் மனம் நோகக் கூடாதல்லவா? ஆகவே நின்றோம். குடித்து வைத்திருந்த மருந்துகளின் நேரம் திரையின் மூலையில் கரைந்துகொண்டேயிருந்தது. அந்த விளையாட்டில் பெரும்பாலான வரைபடங்கள் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடியவை என்பதை யாரோ ஒருவர் தேடிப் படித்து, மிகுந்த அக்கறையோடு எங்களுக்கும் சொன்னார். அப்பளம் தீர்ந்து, மோர்ச்சோறும் முடிந்து, கடைக்கார அண்ணன் கை கழுவப் போய்த் திரும்பினார். அவருடைய குழந்தை விழித்துக்கொண்டு அழுவது மைக்கில் கேட்டது. தங்கச்சி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்தேகாலுக்கு வந்தான். "செத்துட்டேண்ணே, சாமானும் போச்சு" என்றான். ஒன்பது பேர் காத்துக் கிடந்து காப்பாற்றிய அந்தத் துப்பாக்கியும் போயேவிட்டது. அதற்கும் நாங்கள்தான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. யாரும் சொல்லவில்லை என்றதும் வந்ததே ஒரு வார்த்தை: "ஏண்ணே, அதுவும் ரெய்டுதானே? அந்த கேம்லயே அப்படித்தான் போட்டிருக்கான்."

அதற்குப் பிறகு கராசான் எங்கே நடந்தது? எது ரெய்டு என்ற பட்டிமன்றம்தான் நள்ளிரவுவரை நடந்தது. ஒருவர், இரண்டே பேர் கொண்ட பார்ட்டியை, அதாவது சிறு குழுவை, 'ரெய்டாக மாற்று' பொத்தானை அழுத்தி மாற்றி, அதைப் படம் பிடித்துப் போட்டு, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டே இதை ரெய்டு என்றுதான் காட்டுகிறது என்றார். இன்னொருவர், 'போக்கிமான் கோ' விளையாட்டில் 2017-இல் ரெய்டு வந்த புதிதில், வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் நின்றுகொண்டு மிக எளிதான ஒற்றை நட்சத்திர ரெய்டைத் தனியாளாகவே முடித்த பெருமையை எடுத்து விட்டார். இருபது பேர் வரை கூடலாம் என்று இடம் விட்டிருக்கும் ஒரு காரியத்தை, அருகில் ஆள் இல்லாத காரணத்தால் தனியாகச் செய்ததைக்கூடச் சாதனையாகச் சொல்லிக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். மூன்றாமவர் சொன்னதுதான் உச்சம். வார்கிராஃப்டின் பழைய ரெய்டான மோல்டன் கோரைத் தனியாகவே முடித்திருக்கிறாராம். ஆம், இன்றைய உச்ச லெவலை வைத்துக்கொண்டு, அறுபதாம் லெவல் காலத்து பாஸான ராக்னரோஸை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு நிலையில் நிற்கும் தேரைத் தொட்டுவிட்டு வந்து, மாசி வீதி நான்கையும் நானே வடம் பிடித்து இழுத்தேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

விளையாட்டுக்கு விளையாட்டு எண்ணிக்கை வேறு, ஆகவே இதற்கு வரையறையே கிடையாது என்று ஒரு சமாதானத் தூதரும் கிளம்பினார். எண்ணிக்கை வேறுபடுவது எனக்கும் தெரியும். 1999-இல் வந்த எவர்குவெஸ்ட்டில் ஒரு குழுவுக்கு ஆறு பேர். நாகஃபென் என்ற டிராகனைச் சாய்க்க அப்படிப்பட்ட குழுக்கள் பல திரண்டு போயின. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் மோல்டன் கோருக்கு 40 பேர் வரை போகலாம், அதாவது ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்கள். 40 பேரைத் திரட்டிக் களைத்துப்போனவர்களுக்காக 2007-இல் புதிய ரெய்டுகளுக்கு அதை 25 ஆக்கினார்கள். கராசானுக்கு 10. 2014-இல் மிக உயர்ந்த கடினநிலைக்குச் சரியாக 20 பேர் என்று வைத்துவிட்டு, அதற்குக் கீழே 10 முதல் 30 வரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். டெஸ்டினியில் ஆறு பேர், ஃபைனல் ஃபேண்டஸி பதினான்கில் எட்டுப் பேர், கில்டு வார்ஸ் இரண்டில் பத்துப் பேர். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் பன்னிரண்டு பேரைக் கூட்டிவிட்டு ட்ரையல் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். டெஸ்டினியில் வழக்கமான அணிக்கு மூன்று பேர், ரெய்டுக்கு ஆறு. ஃபைனல் ஃபேண்டஸியில் சிறு பார்ட்டிக்கு நான்கு பேர், ரெய்டுக்கு எட்டு. கில்டு வார்ஸில் பார்ட்டிக்கு ஐந்து, ரெய்டுக்குப் பத்து. எங்கள் கராசானிலும் ஐந்தும் ஐந்தும் பத்து. எல்டர் ஸ்க்ரோல்ஸில் நான்கு நான்காக மூன்று குழுக்கள். ஒரு பார்ட்டியால் முடியாத காரியத்துக்குக் குறைந்தது இரண்டு பார்ட்டிகள் சேர்ந்து போனால்தான் ரெய்டு; பிறகு அது ஆறோ, நாற்பதோ, அந்தந்த விளையாட்டின் விருப்பம். ஒரே பார்ட்டியால் முடிகிறது என்றால் அது டஞ்சன். ஒற்றை ஆளால் முடிகிறது என்றால் அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி என்னிடம் விடுப்புக் கேட்காதீர்கள். இதை அன்றிரவு குழுவில் ஆற அமர எழுதிப் போட்டேன். தம்பி அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டான். படித்திருக்க மாட்டான்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது எண்ணிக்கை மட்டுமல்ல. தனியாகப் போகிறவன் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. யாருடைய கடை எப்போது அடைக்கும், யாருக்கு நைட் டூட்டி, யார் யாரோடு பேசுவதில்லை, போன வாரம் வாள் கிடைக்காத கோபத்தில் இருப்பவர் யார் என்ற எதையும் அவன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோன்றினால் நுழைகிறான், செத்தால் வெளியே வந்து விழுகிறான். இந்தச் சுகத்தையும் முழுதாக அனுபவித்துக்கொண்டு, நாங்கள் ஒரு வாரம் தொண்டை வறளக் கூவிச் சேர்த்த ரெய்டுக்குரிய கௌரவத்தையும் சேர்த்தே கேட்டால் எப்படி? பாஸை அடிப்பதெல்லாம் ரெய்டில் கடைசி ஒரு மணி நேர வேலை. அதற்கு முந்தைய ஐந்து நாளும் என் கைப்பேசியில் நடப்பதுதான் ரெய்டு.

இந்த வாரம் எவனையும் நம்பக் கூடாது என்று, முன்யோசனையோடு உபரியாக ஒரு ஹீலரிடமும் சொல்லிவைத்தேன். காலம் இருக்கும் இருப்பில், ஒன்பதரைக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். திருநகர்த் தம்பி ஒன்பதே காலுக்கே வந்து, மருந்தெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, "வணக்கம்ணே" என்கிறான். மொத்தம் பதினொரு பேர். கராசானுக்குள் பத்துப் பேருக்கு மேல் ஒரு தலைகூட நுழைய முடியாது. யாரை வெளியே நிறுத்துவது? கடைக்கார அண்ணன் நான் வேண்டுமானால் படுக்கப் போகிறேன் என்று பெருந்தன்மை காட்ட, அதெப்படி என்று தங்கச்சி சண்டைக்கு வர, வாக்கெடுப்பு வைக்கலாம் என்று உசிலம்பட்டியிலிருந்து யோசனை வர, நான் பேச வாயைத் திறந்த வேளையில் மேலூரில் மின்சாரம் போய்விட்டது.

கணக்குச் சரியாகப் பத்துக்கு வந்துவிட்டது. டேங்க்தான் இல்லை.