ஓரத்தைப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் இடுப்பில், அரைஞாண் கயிறு உரசும் இடத்தில் எனக்கு ஒரு வட்டம் வந்தது. ராத்திரி பூரா அரிப்பு. வண்டுகடி என்றார் அம்மா. மெடிக்கலில் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை, ஒரு டியூபை எடுத்து நீட்டினார். மூன்றே நாளில் சிவப்பும் அரிப்பும் போயே போச்சு. டியூப் தீர்ந்த வாரமே திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக, வட்டத்துக்குள் வட்டமாக.

"இதுவரைக்கும் என்ன தடவுனீங்க?" தோல் டாக்டரின் முதல் கேள்வியே அதுதான். அந்த டியூபில் பூஞ்சை மருந்தோடு, சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. எனக்கு வந்தது படர்தாமரை, தோலில் வரும் பூஞ்சைத் தொற்று. படர்தாமரைக்கு அடையாளமே ஓரம்தான். ஓரம் சிவந்து, லேசாக மேடு தட்டி, பொடிப்பொடியாகச் செதில் உதிரும். நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும். ஸ்டீராய்டு அந்த ஓரத்தை மங்கடித்துவிடும், உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவும். டாக்டர் பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு, மைக்ராஸ்கோப்பில் எனக்கும் காட்டினார். நூல் நூலாகக் கிளை விட்ட பூஞ்சை இழைகள். வண்டும் இல்லை, புழுவும் இல்லை.

இதற்கு நடுவே தம்பியின் காலில் வட்டம் வர, நானே படர்தாமரை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தப்பு. அது காசு மாதிரி வட்டமாக வரும் எக்ஸிமா, பூஞ்சை இல்லாத தோல் அழற்சி. நடு தெளியாமல் முழுக்க ஒரே மாதிரி இருந்தது, நீர் கசிந்து பொருக்குத் தட்டியது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு டாக்டர் எழுதியது ஸ்டீராய்டு களிம்புதான்! முழங்கை, முழங்காலில் தடித்த வெள்ளிச் செதில் என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். தேமல் மாதிரி வெளுத்து, தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் எந்தக் களிம்பும் வேண்டாம், நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம், அதற்கு அங்கே மருந்து இலவசம்.

ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. எனக்கு யாரும் சீட்டு கேட்கவில்லை. நானும்தான் டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. மூன்று நாளில் அடங்கிவிட வேண்டும் என்ற ஆசைக்கு விலையாக இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன்.

துண்டு, சோப்பு எல்லாம் இப்போது ஆளுக்கு ஒன்று. ஈரம் கோத்துக்கொண்டே இருக்கிறதென்று கயிற்றையும் அறுக்கச் சொன்னார் டாக்டர். அம்மாவுக்கு அதில்தான் வருத்தம். வெள்ளியில் போட்டால் ஈரம் தங்காதே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.